கார்த்திகையில் வாங்கிய லேப்டாப்

சொந்த லேப்டாப் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்று மகள் சொன்னபோது நான் ரசம் சோற்றுக்கு வந்திருந்தேன். பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. லேப்டாப் என்ற சொல்லை அதற்கு முன் எங்கள் வீட்டுக்குள் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

2006ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் முடிகிற நேரம். மகள் எங்கள் ஊரான பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பருவத்தில் வகுப்பு கிடையாது. ஏதாவது ஒரு கம்பெனியில் புராஜெக்ட் செய்து முடிக்க வேண்டும். சென்னையில் ஒரு சிறிய கம்பெனி அவள் வகுப்பில் சிலரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. நன்றாகச் செய்தால் அங்கேயே வேலையும் கிடைக்கும். ஆனால் அவர்களிடம் நாற்காலி இருந்தது, கம்ப்யூட்டர் இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் திங்கட்கிழமை காலையில் யார் லேப்டாப்போடு வந்து நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் இடம்.

"இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"வேற காலேஜ் புள்ளைங்க வரிசையில நிக்குதும்மா. அவங்களக் கூப்பிட்டுக்குவாங்க."

"நாற்காலி இருக்காம், கம்ப்யூட்டர் இல்லையாம். கல்யாண மண்டபமா நடத்துறாங்க" என்றாள் மனைவி.

நான் சிரிக்கவில்லை. அரியலூரில் எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குத் தனி அறை, அந்த அறைக்கு மட்டும் ஏ.சி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். மாலையில் கிளம்பும்போது அதற்குப் பச்சைத் துணி போர்த்திவிட்டு வருவது தலைமை எழுத்தர் என்ற முறையில் என் பொறுப்பு. அப்படிப்பட்ட ஒரு பொருளைப் பையில் போட்டுக்கொண்டு என் மகள் சென்னை பஸ்ஸில் ஏறப்போகிறாள் என்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் எதையும் விசாரிக்காமல் வாங்குகிறவன் அல்ல. மிக்ஸி வாங்கியபோது கூட மூன்று கடையில் விசாரித்து, எந்தக் கடையில் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டுதான் வாங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பி, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களுக்குப் பழக்கமானவர். எங்கள் அலுவலகத்துப் பிரிண்டர் மக்கர் செய்தால் அவர்தான் அரியலூர் வந்து சரி செய்வார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

"பாப்பாவுக்கா? மாஷா அல்லாஹ். உக்காருங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கண்ணாடி அலமாரியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தார். திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. "இது ஒண்ணுதான் கையில இருக்கு. போன வருஷ மாடல். மெமரி கம்மி. புதுசு வேணும்னா சொல்லுங்க, திருச்சியிலேருந்து வரவழைச்சுத் தரேன்."

மகள் அதன்மேல் விரலை வைத்து அம்பை நகர்த்திப் பார்த்தாள். மனைவி, யாரும் எதிர்பாராத வகையில், முன்னால் குனிந்து ஒரு விசையை அழுத்தினாள். திரையில் ஓர் எழுத்து வந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா. கடிக்காது" என்றார் பாய்.

பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாக, "பில்லோடயா சார், பில் இல்லாமலா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். பில் போட்டால் வரி சேரும், கம்பெனி வாரண்டி உண்டு. பில் இல்லாமல் என்றால் சென்னையிலிருந்து வேறு வழியாக வருவது, விலை நன்றாகக் குறையும், ரிப்பேர் என்றால் அவரே பார்த்துக்கொடுப்பார். இரண்டும் ஒரே பொருள்தான். "எல்லாரும் கேக்கிறதுதான் சார். போன மாசம் வாங்கினவர் வரி ஆபீஸ்லதான் இருக்காரு. அவரே பில் வேணாம்னுட்டாரு."

இருபத்திரண்டு வருடமாக நான் பில் இல்லாத ஒரு குண்டூசியை அலுவலகக் கணக்கில் ஏற்றியதில்லை. பாயை எனக்குப் பிடிக்கும். அவர் மறைத்துப் பேசவில்லை, இரண்டு வழியையும் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். ஆனாலும் கடையை விட்டு இறங்கியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "திருச்சியில பாப்போம்" என்பதுதான்.

"திருச்சியில வாங்கினா ரிப்பேருக்கு யாரு தூக்கிட்டுப் போவா? நீங்க லீவு போடுவீங்களா?" என்றாள் மனைவி.

மகள்தான் மூன்றாவது வழியைச் சொன்னாள். கடைக்கே போக வேண்டாம், கம்பெனிக்காரனே இன்டர்நெட்டில் விற்கிறான் என்றாள்.

மறுநாள் மாலை அவளோடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பலகை அடித்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள். உள்ளே இருந்த பையன்கள் என் வெள்ளைச் சட்டையையும் நரைத்த தலையையும் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார்கள். மகள் ஒரு பக்கத்தைத் திறந்தாள். லேப்டாப்பின் படம். அதன் கீழே எதை அழுத்தினாலும் ஒன்று கூடியது அல்லது குறைந்தது. மெமரி கூட்டினாள். பை சேர்த்தாள். எல்லாம் சேர்த்தும், பாய் பில்லோடு சொன்ன விலையைவிடக் குறைவாகத்தான் வந்தது. பில்லும் உண்டு.

"யார்கிட்ட பேசுறது?" என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் பேச வேணாம்ப்பா."

அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. இவ்வளவு பெரிய வியாபாரத்தில் எதிரே ஒரு முகம் இல்லை. குறைத்துக் கொடுங்கள் என்று கேட்க ஆளில்லை. பிறகு எங்கள் பின்கோடை அடித்தாள். அந்த ஊருக்குப் பொருள் வந்து சேரும் என்று உடனே பதில் வந்தது. பெங்களூரில் அந்தக் கம்பெனியில் இருக்கிற ஓர் இயந்திரம் எங்கள் தெருவை அறிந்து வைத்திருக்கிறது. நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

கிரெடிட் கார்டு எங்களிடம் கிடையாது. வங்கி வரைவோலை எடுத்துத் தபாலில் அனுப்பினாலும் ஏற்பார்கள் என்று அதே பக்கத்தில் இருந்தது. அதைப் படித்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வரைவோலை எனக்குத் தெரிந்த பொருள்.

வீட்டில் பேச்சு நடந்தது. கடையா, இன்டர்நெட்டா? கடை என்றால் தொட்டுப் பார்த்து வாங்கலாம், சண்டை போட ஆள் இருக்கிறது. இன்டர்நெட் என்றால் புது மாடல், முறையான பில். இதில் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகத்தான் நின்றன. முடிவைச் செய்தது மாதம்.

இன்னும் சில நாளில் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் எங்கள் பக்கம் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. துணி எடுக்க மாட்டோம், வண்டி எடுக்க மாட்டோம், பால் காய்ச்ச மாட்டோம். தை பிறந்து வாங்கினால் மகளுக்குப் பிரயோஜனம் இல்லை. பாயிடம் புது மாடல் சொன்னால் அது திருச்சியிலிருந்து மார்கழியில்தான் வரும், அன்றுதான் பணம் கொடுத்து வாங்குவோம். இன்டர்நெட்டில் அப்படியல்ல. வரைவோலையைக் கார்த்திகையிலேயே அனுப்பிவிடலாம். பணம் கட்டிய தேதிதான் வாங்கிய தேதி. பொருள் பிறகு வந்தால் அது வெறும் போக்குவரத்து. நான் இதை விளக்கிச் சொன்னபோது எனக்கே நிறைவாக இருந்தது.

மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "அப்ப கார்த்திகையில நிச்சயம் பண்ணிட்டு மார்கழியில தாலி கட்டலாமா?"

நான் காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன்.

"அம்மா, லேப்டாப்புக்கு யாரும்மா தாலி கட்டப் போறா" என்றாள் மகள்.

"கட்டத் தேவையில்லடி. நீதான் அதோட குடித்தனம் நடத்தப் போற."

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கார்த்திகையிலேயே பணம் கட்டிவிடுவது. பெட்டி மார்கழியில் வந்தாலும் பரவாயில்லை, ஆனால் வீட்டு வாசற்படியை ராகு காலத்திலோ எமகண்டத்திலோ தாண்டக் கூடாது. அந்த நிபந்தனையைச் சொன்னது நான்தான். மனைவி சரி என்றாள்.

வரைவோலை போயிற்று. பணம் வந்து சேர்ந்தது என்று மின்னஞ்சல் வந்தது. தயாராகிறது என்று ஒன்று, கிளம்பிவிட்டது என்று ஒன்று. மகள் ஒவ்வொன்றையும் பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். புது வருடம் பிறந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை மாலை, நான் அரியலூரிலிருந்து வீடு வந்தபோது மனைவி சந்தோஷமாக இருந்தாள்.

"பெட்டி வந்துச்சுங்க" என்றாள்.

"எங்க?"

"நாளைக்கு வரும்."

நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். "மூணு மணிக்கு மேல இருக்கும். கூரியர்க்காரரு மொபட்டுல வந்தாரு. பெரிய அட்டைப் பெட்டி. கையெழுத்துப் போடுங்கம்மான்னாரு. காலண்டரப் பாத்தா, செவ்வாக்கெழம மூணுலேருந்து நாலரை வரைக்கும் ராகு காலம். நாலரைக்கு மேல கொண்டாங்கன்னேன். இன்னும் வாலிகண்டபுரம் போகணும்மா, திரும்பி வர முடியாதுன்னாரு. அப்ப நாளைக்குக் கொண்டாங்கன்னேன். பாவம், வெயில்ல வந்தாரேன்னு டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சாரு. அப்ப இப்ப வாங்கிக்கலைங்கிறீங்களான்னு கேட்டாரு. இப்ப வேணாங்கன்னேன். காயிதத்துல என்னமோ எழுதிக்கிட்டாரு, போயிட்டாரு."

"நல்லது பண்ணின" என்றேன்.

அப்படிச் சொன்னதில் ஒன்றும் விசேஷம் இல்லை. எங்கள் தெருவில் அது வழக்கம். மணியார்டரோ பதிவுத் தபாலோ நேரம் கெட்ட நேரத்தில் வந்தால், 'சாயந்தரம் கொண்டாங்க' என்போம். தபால்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய், மாலையிலோ மறுநாளோ கொண்டுவந்து தருவார். கல்யாண வீட்டுக்கு வருகிற பதிவுத் தபாலை அவரே நேரம் பார்த்துக் கொண்டுவந்ததும் உண்டு. கூரியர் என்பது மொபட்டில் வருகிற தபால்காரர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மகள் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "மூணு தடவை வந்து பாப்பாங்கம்மா, பரவால்ல" என்றாள்.

புதன்கிழமை பெட்டி வரவில்லை. மனைவி பகல் முழுவதும் வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்ததாகச் சொன்னாள். வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் மகள் பிரவுசிங் சென்டரிலிருந்து திரும்பினாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"வாங்க மறுத்துட்டாங்கன்னு போட்டிருக்குப்பா. திருப்பி அனுப்புறாங்களாம்."

யார் மறுத்தார்கள் என்று மனைவி கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எங்கடி மறுத்தேன். நாளைக்குக் கொண்டாங்கன்னுதான சொன்னேன். டீ குடிச்சாரே."

வாழ்க்கையில் பலவற்றை நாங்கள் வாங்க முடியாமல் விட்டிருக்கிறோம். பணம் கட்டி, வாசல் வரை வந்த பொருளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய குடும்பம் என்று பெங்களூரில் பதிவாகியிருப்பது அதுவரை எனக்குத் தெரிந்த எந்த வகையிலும் அடங்கவில்லை.

கம்பெனியின் போன் எண்ணுக்கு மகள் பேசினாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று நெடுநேரம் சொன்னது. கடைசியில் லைனில் வந்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினாள். ராகு காலத்தை எப்படி விளக்கினாளோ தெரியாது, அந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கியது. பொருள் பெங்களூர் திரும்பி வந்த பிறகு, பத்து வேலை நாளுக்குள் மறுபடி அனுப்புவார்கள். அதற்கு முன் ஒன்றும் செய்ய முடியாது. திங்கட்கிழமைக்கு நடுவில் இருந்தது வெள்ளி, சனி, ஞாயிறு.

எங்கள் ஊரில் கூரியர் வேலையை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்தார். ஓடிப்போய்க் கேட்டேன். "திரும்புற பார்சலெல்லாம் அரியலூர் பிராஞ்சுக்குப் போயிடும் சார். அங்கேருந்து நாளைக்கு வண்டியில ஏத்துவாங்க" என்றார். நான் தினமும் போய் வருகிற அரியலூர். இரண்டு நாளாக என் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் அந்தப் பெட்டி இருந்திருக்கிறது. நான் அந்த வழியாக நடந்துபோய் மதியம் டீ குடித்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் மகள் பாய் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பழைய மாடல் இன்னும் இருந்தது. ஆனால் பாய் மறுநாள் ஜும்மாத் தொழுகை முடிந்ததும் குடும்பத்தோடு தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்புகிறார். திங்கட்கிழமை மதியம்தான் கடை திறப்பார். "வேணும்னா நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள வந்துருங்க சார். அதுக்கு மேல ஷட்டர இறக்கிருவேன்" என்றார்.

"முதல்ல அரியலூர்ல கேட்டுப் பாக்குறேன் பாய்" என்றேன். நம் பணம் கட்டிய பெட்டி பக்கத்திலேயே இருக்கும்போது இன்னொன்றை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு கூரியர் பிராஞ்சுக்குப் போனேன். சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேலே மாடி. பொறுப்பாளர் வர நேரமானது. காத்திருந்தபோதே பெட்டியைப் பார்த்துவிட்டேன். சுவரோரம் அடுக்கி வைத்ததில் மேலிருந்து இரண்டாவது. அதன்மேல் என் பெயர், என் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, கதவு எண், தெரு, எல்லாம் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தன. அதற்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு.

பொறுப்பாளர் வந்ததும் அடையாள அட்டையைக் காட்டினேன். வரைவோலை நகல், பில்லின் நகல், வீட்டு முகவரிக்கு ரேஷன் அட்டை. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். உங்க பேருதான். ஆனா வேணாம்னு எழுதி, ரிட்டர்ன் போட்டாச்சே."

"வேணாம்னு சொல்லல. ராகு காலம், கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கிக்கிறோம்னு சொன்னது."

"சார், அந்த ஃபார்முல மூணே கட்டம்தான். வீடு பூட்டியிருக்கு, அட்ரஸ் தப்பு, வாங்க மறுத்துட்டாங்க. ராகு காலத்துக்குக் கட்டம் இல்ல சார்." கேலி செய்யவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "டெலிவரி பண்ணவருக்கும் வேற வழி தெரியல. ரிட்டர்ன் போட்டதுக்கு அப்புறம் இது அனுப்பினவங்களோடது. நான் எடுத்துக் குடுத்தா என் வேலை போயிடும்."

அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. நான் அரசாங்கக் காகிதங்களுக்கு நடுவில் இருக்கிறவன். திருப்பி அனுப்பியதாகக் குறிப்பெழுதி எண் போட்ட ஒரு கோப்பு, அடுத்த மேசையிலேயே கிடந்தாலும், அதை யாரும் எடுத்துக் கொடுத்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். பெட்டியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். பாருங்க சார் என்றார். நான் தொடவில்லை. கீழே வண்டி வந்து நின்றது. ஒவ்வொன்றாக இறக்கினார்கள். என் பெயர் எழுதிய பெட்டியும் படியில் இறங்கிப் போயிற்று.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து வீட்டுக்குப் போன் போட்டேன். மணி பதினொன்று தாண்டியிருந்தது. மகள் எடுத்தாள். கிடைக்காது என்று சொன்னேன்.

"சரிப்பா. நான் காலேஜ் சாருக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்" என்றாள். அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை. பஸ் போய்விட்டது என்பது போலச் சொன்னாள்.

மனைவி போனை வாங்கிக்கொண்டாள். "பாய் கடையில அந்தப் பழசு இருக்குல்ல."

"இருக்கு. ஆனா இப்ப ராகு காலம். வெள்ளிக்கெழம பத்தரைலேருந்து பன்னெண்டு. பன்னெண்டு அடிச்சதும் போய் வாங்கிக்கலாம்னு பாத்தா அவர் பூட்டிருவாரு. ஒரு பத்து நிமிஷம் திறந்து வைக்கச் சொல்லிப் பாரு."

"அவரு தொழுகைக்குப் போவாரா, நம்ம ராகு காலம் முடியட்டும்னு ஷட்டரப் புடிச்சிக்கிட்டு நிப்பாரா?"

"அப்ப என்ன பண்றது?"

"வைக்கிறேங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் அடங்கிப் போனாள் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை ராகு காலத்துக்காகப் பெட்டியையே வெளியில் நிறுத்தியவள். வெள்ளிக்கிழமை, மார்கழி, ராகு காலம், எல்லாம் சேர்ந்திருக்கிறது. அலுவலகத்துக்குத் திரும்பி என் இடத்தில் உட்கார்ந்தேன். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. சென்னைக் கம்பெனிக்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டு எழுதலாமா, யார் பெயருக்கு எழுதுவது, அதற்கு ஏதாவது மதிப்பு இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் கூடத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கறுப்பாக, திறந்த நிலையில், அது இருந்தது. திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் பையைக் கீழே வைக்க மறந்து நின்றேன்.

"யாரு வாங்கிட்டு வந்தது?"

"அம்மா" என்றாள் மகள், நிமிராமல். "நான் போன் பண்ணலாம்னு டைரக்டரியத் தேடிக்கிட்டிருந்தேன். அம்மா அதுக்குள்ள ஆட்டோல வந்து இறங்குச்சு. மடியில வச்சிக்கிட்டு."

சீட்டு எடுத்த பணம் மனைவியிடம் இருந்தது. பெரிய கிரைண்டர் வாங்க வைத்திருந்தாள். பில்லோடுதான் வாங்கியிருந்தாள். பில் மேசைமேல் இருந்தது, அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தாள். லேப்டாப்பில் மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. சுவாமி படத்துக்கு முன்னால் வைக்கவும் இல்லை. எங்கள் வீட்டுக்குள் ஒரு புதுப் பொருள் அப்படி நேராக நுழைந்து புழக்கத்துக்கு வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மனைவி அடுப்படியில் இருந்தாள். கதவருகில் நின்று கேட்டேன். "ராகு காலம்னு தெரிஞ்சுதான போன?"

"தெரியாம என்ன. நீங்கதான போன்ல சொன்னீங்க." தோசையைத் திருப்பிப் போட்டாள். "பாய் கூடக் கேட்டாரு. நேரம் பாக்கலையா தங்கச்சின்னு. பாத்துட்டுத்தாண்ணே வந்திருக்கேன், சீக்கிரம் கட்டிக் குடுங்கன்னேன்."

"பயமா இல்ல?"

"இருந்துச்சு" என்றாள். "ஆட்டோல வர்றப்ப கீழ போட்டுருவேனோன்னு இறுக்கிப் புடிச்சிக்கிட்டேன். செவ்வாக்கெழம நம்ம நேரம் பாத்தோம். நல்லா இருந்துச்சா அது?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நின்னுக்கிட்டே இருக்காதீங்க. கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

இருபத்தாறு வருடமாக அவளோடு குடும்பம் நடத்துகிறேன். எந்தக் கிழமை என்ன சமைப்பாள் என்பது முதல், எந்த வார்த்தைக்கு எந்தப் பதில் சொல்வாள் என்பது வரை எனக்குத் தெரியும் என்று இருந்தேன். அந்தத் தோசையை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, காலேஜ் பையில், உடைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள் மனைவி. பஸ் கிளம்பிய பிறகும், பையைக் காலுக்குக் கீழே வைக்காதே என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள்.

திங்கட்கிழமை மாலை போன் வந்தது. ரிசீவரைக் காதுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இருவரும் கேட்டோம்.

"சேத்துக்கிட்டாங்கம்மா. இடம் குடுத்துட்டாங்க."

மனைவி கண்ணை மூடித் திறந்தாள். நான் மெமரி போதுமா என்று கேட்டேன். பழைய மாடல்தான், மெதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓடுகிறது என்றாள். பிறகு அவள் குரல் மாறியது.

"வாசல்லயே பையத் தொறந்து காட்டச் சொன்னாங்கப்பா. லேப்டாப் இருக்கிறவங்கள மட்டும்தான் உள்ள விட்டாங்க. எங்க கிளாஸ்ல மூணு பேருக்கு இல்ல. ஒருத்தி பணம் கட்டின ரசீது வச்சிருந்தா. இன்டர்நெட்லதான் வாங்கியிருக்கா, வியாழக்கிழமை வந்துரும்னு சொன்னா. அந்த ரசீத கையில கூட வாங்கிப் பாக்கல. மத்தியானத்துக்குள்ள அவ எடத்துல வேற புள்ள வந்து உக்காந்துடுச்சு."

அவகாசம் கேட்டு எழுதினால் என்ன ஆகும் என்று நான் வெள்ளிக்கிழமை மதியம் முழுவதும் யோசித்தேன். இதுதான் ஆகியிருக்கும்.

"எந்த ஊருடி அந்தப் பொண்ணு?" என்று மனைவி கேட்டாள்.

"தா.பழூர்ம்மா. தனியாத்தான் வந்திருந்தா. அழுதுக்கிட்டே இருந்தா. இப்பத்தான் பஸ் ஏத்தி விட்டுட்டு வரேன்."

போனை வைத்த பிறகு மனைவி பக்கத்தில் இருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். விளக்குப் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

"இப்ப ஏறினா அந்தப் புள்ள அரியலூர் எத்தனை மணிக்கு வந்து சேரும்? அதுக்கு மேல தா.பழூருக்கு பஸ் இருக்குமா?" என்று கேட்டாள்.

அரியலூர் பஸ் நேரங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். யார் கேட்டாலும் தூக்கத்தில் கூடச் சொல்வேன். அன்று மட்டும் அந்த மனப்பாடத்தை நான் நம்பவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் விசாரிக்கக் கிளம்பினேன்.